குறைந்த கிலோமீட்டர் ஓடிய பழைய ஸ்போர்ட் பைக் வாங்கி நான் பட்ட பாடு

பழைய ஸ்போர்ட் பைக் விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தின் முதல் வரியில் இருப்பது ஓடிய கிலோமீட்டர்தான். இருபது வருடத்துக்கு மேல் வயதான வண்டி, இன்னும் 18,000 கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை என்றால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. 600 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த வண்டி. பெயின்ட் மங்கவில்லை, ஃபேரிங்கில் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை) கீறல் இல்லை, டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் துருவும் இல்லை. விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. "ரொம்ப வருஷமா ஓட்டலை, மூடித்தான் வெச்சிருந்தேன்" என்று உண்மையைத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு செலவு ஒளிந்திருக்கிறது என்று விளக்கத்தான் எனக்கு ஆள் இல்லை. அடுத்த ஒரு வருடத்தில் வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் மறுபடியும் கொட்டினேன். ஓட்டிய நாளைவிட ஸ்டாண்டில் நின்ற நாள்தான் அதிகம். இப்போது வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனாலும் இதே மாதிரி வண்டியை வாங்கப் போகிற யாராவது இதைப் படித்துவிட்டுப் போனால், அந்த வருடத்தை மிச்சப்படுத்தலாம்.

வண்டி இரண்டு விதமாகத் தேயும். பிஸ்டன், ரிங், கிளட்ச், செயின் போன்றவை ஓடித் தேயும். ரப்பர், பிரேக் ஆயில், கூலன்ட், வயர் இணைப்புகள் எல்லாம் ஓடினாலும் நின்றாலும் கெடும். நின்றால் இன்னும் சீக்கிரம் கெடும். ஓடோமீட்டர் முதல் வகையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். 1985இல் வந்த சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750, 1992இன் ஹோண்டா ஃபயர்பிளேடு, 1998இன் யமஹா ஆர்1 என்று அந்தத் தலைமுறை வண்டிகள் எல்லாவற்றிலும் என்ஜின் உறுதியானது. ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் 18,000 கிலோமீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. பிரச்சினை என்ஜினைச் சுற்றி இருக்கிறது. அதனால் இந்த வயது வண்டியில், தினமும் ஓடி 50,000 கிலோமீட்டர் பார்த்து, சர்வீஸ் பில் எல்லாம் கையில் உள்ள வண்டியை, மூடிவைத்த 18,000 கிலோமீட்டர் வண்டிக்கு மேலாக இப்போது மதிக்கிறேன்.

முதலில் மக்கர் செய்தது கார்புரேட்டர். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்தால் அணைந்துவிடும். மெதுவாகப் போகும்போது திணறும், த்ராட்டிலைப் பாதிக்கு மேல் முறுக்கினால் ஒன்றுமே நடக்காததுபோல் பறக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிளக் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், அப்புறம் இக்னிஷன் காயில் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பில் வந்தது, திணறல் மட்டும் போகவில்லை. கடைசியில் சர்வீஸ் மேனுவலை வைத்துக்கொண்டு நானே கார்புரேட்டர் தொகுதியைக் கழற்றினேன். மெதுவாகப் போகும்போது பெட்ரோல் தருவது பைலட் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். நான்கையும் ஒவ்வொன்றாக விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. இரண்டில் பிறை மாதிரி ஓரத்தில் கொஞ்சம். நான்காவதில் இருட்டு. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போய், அதிலிருந்த பிசின் மட்டும் அங்கே இறுகியிருந்தது. த்ராட்டிலைத் திறந்தால் பெரிய மெயின் ஜெட் வேலைக்கு வந்துவிடும், அதனால்தான் வேகத்தில் திணறல் தெரியவில்லை.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது: "சோக் இல்லாமல் ஐட்லிங் நிற்காது, மேலே நன்றாக இருக்கும்" என்றால் காயிலுக்குப் போவதற்கு முன் பைலட் ஜெட்டைப் பாருங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் வரும், வராவிட்டால் புது ஜெட்டே வாங்கிவிடலாம். ஜெட்டோடு வேலை முடியாது. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட் இறுகி வெடித்திருக்கும், அந்த வழியாக உள்ளே போகும் காற்று ஐட்லிங்கை ஏற்றி இறக்கும். என்ஜின் ஓடும்போது பூட்டைச் சுற்றி லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஐட்லிங் மாறினால் அங்கே கசிகிறது. இன்னொன்று ரொம்ப முக்கியம். அந்தக் கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை மூடித் திறக்கும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்து என்ஜினுக்குள் இறங்கும். ஆயில் அளவு தானாக ஏறியிருந்து, மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஊசியைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். ஓ-ரிங், பூட், ஃப்ளோட் ஊசி எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் வாங்கிவிடுங்கள். எனக்கு ஓ-ரிங் வந்து சேர்ந்த பிறகு பூட் வெடித்திருப்பது தெரிந்து, அதற்கு மறுபடி வாரக்கணக்கில் காத்திருந்தேன். எல்லாம் மாட்டிய பிறகு வேக்குவம் கேஜ் வைத்து நான்கு கார்புரேட்டரையும் சமன் செய்தே ஆக வேண்டும். அதுவரை அந்த என்ஜின் எவ்வளவு வழவழப்பானது என்பதே உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது பிரேக். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. ஒரு நீண்ட இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னால் முன் பிரேக் லீவரைப் பிடித்தால், எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஹேண்டில் பார்வரை வந்துவிட்டது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தேன், பாதி கிடைத்தது. பின் பிரேக்கும் கியரைக் குறைத்ததும் சேர்ந்துதான் வண்டியை ஓரத்தில் நிறுத்தின. இறங்கி நின்றபோது கால் நடுங்கியது. முன் டிஸ்க் இரண்டும் கிட்டே கை கொண்டுபோக முடியாத அளவு கொதித்தன. நான் பிடிக்காத நேரத்திலும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சூட்டில் பழைய பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் நீராவி குமிழாகி, லீவர் அந்தக் குமிழைத்தான் அமுக்கியிருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அந்தத் தரம் கேட்பது வெறும் 155 டிகிரி. அதனால்தான் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். என் வண்டியில் ரிசர்வாயர் கண்ணாடி வழியாகத் தெரிந்த ஆயில் கறுத்த தேன் நிறத்தில் இருந்தது. பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரைப் பிரித்தபோதுதான் முழுக்கதையும் புரிந்தது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்துக்குள், சீலுக்குப் பின்னால், வெள்ளையாகப் படிகம்போல் ஒரு பொருக்கு இறுகிக் கிடந்தது. சீலை உள்பக்கமாகத் தள்ளி, பிஸ்டனைப் பின்வாங்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் காலிப்பர் புதுசு மாதிரி மின்னியது. பள்ளத்தைக் கீறாமல் அந்தப் பொருக்கைச் சுரண்டி எடுக்கவே ஒரு முழு நாள் பிடித்தது. புது சீல், புது பேட், புது ஆயில். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும் என்பதால் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ், அதற்குப் புது செம்பு வாஷர். மேலே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வரும் ஊசித்துளை ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். அது அடைத்தாலும் பிரேக் இதேபோல் பிடித்துக்கொள்ளும். பெயரைப் பார்த்து டாட் 5 வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கான், டாட் 4 உடன் சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும்.

வீட்டிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து விட்டுவிட்டுக் கையால் சுழற்றுங்கள். லேசான உரசல் சத்தத்தோடு சில சுற்று ஓடினால் சரி. அரைச் சுற்றில் நின்றால் காலிப்பரைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. இந்த வேலையில் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், இதில் பரிசோதனை வேண்டாம்.

பிரேக் சரியான பிறகு, இனி நிம்மதி என்று ஒரு நீண்ட பயணம் கிளம்பினேன். திரும்பும்போது இரவாகிவிட்டது. முதலில் மீட்டர் விளக்கு மங்கியது. இண்டிகேட்டர் போட்டால் மினுக்கவில்லை, சோர்ந்து போய் எரிந்தபடியே நின்றது. ஹெட்லைட் மஞ்சளாகி, டாகோமீட்டர் முள் துள்ள ஆரம்பித்தது. அப்புறம் என்ஜின் ஒவ்வொரு சிலிண்டராக விட்டுவிட்டு அடங்கியது. நெடுஞ்சாலையில், விளக்கே இல்லாமல், கிட்டத்தட்ட 200 கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்ட முடியாது. பின்னால் வரும் ஒவ்வொரு லாரிக்கும் ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கித் தள்ளினேன். அடுத்த நாள் ஒரு கடையில் பேட்டரி போய்விட்டது என்று புது பேட்டரி மாட்டினார்கள். சில வாரம் ஓடிவிட்டு மறுபடி அதே கதை. அடுத்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்றார்கள். புது ரெகுலேட்டரும் கொஞ்ச நாளில் போனது. பணத்தைவிட நம்பிக்கை போனதுதான் வலித்தது. ஊருக்கு வெளியே ஓட்டவே பயம் வந்துவிட்டது.

சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்கியதும் ஒரே மாலையில் விஷயம் வெளியே வந்தது. என் வண்டியில், என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் வயர் ரெகுலேட்டருக்குப் போகும். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று, டேப் சுற்றி ஃபேரிங்குக்குப் பின்னால் மறைந்திருந்தது. டேப்பைப் பிரித்தால் அது வெள்ளையாக இல்லை. ஒரு மூலை பழுப்பாகி, பிளாஸ்டிக் உருகிப் பின்னின் மேல் வழிந்து இறுகியிருந்தது. அந்த ஒரு மஞ்சள் வயரின் உறை விரலால் மடக்கினால் நொறுங்கியது. பின்னில் பச்சைக் களிம்பு ஏறினால் மின்தடை கூடும், தடை கூடினால் சூடேறும், சூடேறினால் தடை இன்னும் கூடும். வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்த வேலை அது. கருகிய அதே கனெக்டரில்தான் புது ரெகுலேட்டரையும் சொருகிக் கொடுத்திருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி அணைந்து சிலமணி நேரம் ஆன பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். என்ஜினை ஓடவிட்டு 5,000 ஆர்பிஎம் அளவில் பிடித்தால் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லையென்றால் சார்ஜ் ஆகவில்லை, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி வெந்துவிடும். அடுத்து மஞ்சள் வயர் கனெக்டரைக் கழற்றி, ஸ்டேட்டர் பக்கம் இரண்டிரண்டு வயராக அளந்தால் மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும். எந்த வயருக்கும் என்ஜின் பாடிக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. இதெல்லாம் சரியென்றால் ஸ்டேட்டர் நன்றாக இருக்கிறது. நான் கருகிய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் புகாத புது கனெக்டரும் மாஸ்ஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) வைத்த ரெகுலேட்டரும் போட்டு, காற்று படும் இடத்துக்கு அதை மாற்றினேன். பழைய வண்டிகளில் வரும் ஷன்ட் வகை ரெகுலேட்டர், மிஞ்சும் மின்சாரத்தை ஸ்டேட்டருக்கே சுற்றிவிட்டுச் சமாளிக்கும். அதனால் எல்ஈடி பல்பு போட்டு லோடைக் குறைத்தால் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள், அந்த மஞ்சள் வயர்களில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்குக்கூட யோசிக்க வேண்டும். டயரின் பட்டன் (மேல் வரிகள்) நன்றாக இருக்கிறது என்று பழைய ரப்பரில் சாய்ந்து ஓட்டாதீர்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் நின்றே காய்ந்திருக்கும், ஓட்ட ஆரம்பித்ததும் கசியும், கசிந்த ஆயில் பிரேக் பேடில் இறங்கினால் அந்தப் பேடும் போச்சு. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தட்டினால் ஸ்டீரிங் பேரிங் மாற்ற வேண்டும். செயினும் ஸ்பிராக்கெட்டும் எப்போதும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். என்ஜின் ஆயில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற தரம்) என்று போட்டிருப்பதாகப் பாருங்கள், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

கருவிகளில் ஒரு விஷயத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைச் சொல்வதே இல்லை. ஜப்பான் வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூ, பார்ப்பதற்கு பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் பிலிப்ஸ் கிடையாது. அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு, தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் முழுதாக உட்காராமல் நழுவி, தலையை மழித்துவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்க்ரூ எல்லாம் எனக்கு முன்னாலேயே யாரோ மழித்து வைத்திருந்தார்கள். ஜேஐஎஸ் ஸ்க்ரூ டிரைவர் ஒரு செட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் ஆகிய மூன்றும் வண்டியோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. அலுமினியத்தில் ஏறும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் போதும். கை வலிமைக்கு முறுக்கினால் மரை கழன்று வந்துவிடும்.

மேம்படுத்துவது என்றால் எல்லாருக்கும் முதலில் சைலன்சர்தான் நினைவுக்கு வருகிறது. கார்புரேட்டர் வண்டியில் அதை மாற்றினால் பெட்ரோல்-காற்று விகிதம் மாறும், ஜெட் மாற்ற வேண்டும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் அதைத் தொடவே இல்லை. என் பணத்துக்கு முழுப் பலன் கொடுத்தது முன் ஃபோர்க்கில் என் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் புது ஃபோர்க் ஆயிலும். ஃபோர்க் குழாயில் ஒரு ஜிப் டை கட்டி, கவச உடையோடு ஏறி உட்கார்ந்து, நண்பர் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஆள் உட்கார்ந்ததும் 30 முதல் 35 மில்லிமீட்டர் இறங்கினால் சாலைக்குச் சரி. என் வண்டி பழைய ஸ்பிரிங்கில் அதைவிட ரொம்பவே இறங்கி, பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஸ்பிரிங் மாற்றிய அன்றைக்குத்தான், இந்த வண்டியை ஏன் அந்தக் காலத்தில் அப்படிக் கொண்டாடினார்கள் என்று புரிந்தது. வளைவுக்குள் போகும்போது கோட்டில் அப்படியே நிற்கிறது. பிறகு நல்ல டயர், ஹோஸ், பேட். பின் ஷாக்குக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுவதிலும் சில பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். ஹோண்டா தன் சிபிஆர்600ஆர்ஆர் ஸ்போர்ட் பைக்கில், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கொண்டுவந்ததே 2009இல்தான். அதற்கு முந்தைய ஸ்போர்ட் பைக்குகளில் பெரும்பாலும் உங்கள் விரல்தான் ஏபிஎஸ். லீவரை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் லேசாக அழுத்தி எடை முன்னால் வந்து டயர் தரையில் அழுந்தியதும் மேலும் அழுத்துங்கள். காலியான இடத்தில் குறைந்த வேகத்தில் தொடங்கிக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். புது டயர் என்றால் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் அதிகம் சாயாமல் போங்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று ஹேண்டிலை உயர்த்துவதற்கு முன்னால், முழங்காலால் டேங்கைப் பிடித்து உடம்பை இடுப்பில் தாங்கப் பாருங்கள், எனக்கு வலி பெரும்பாலும் அதிலேயே போய்விட்டது. 600 சிசி நான்கு சிலிண்டர் என்ஜின் கீழே சாதுவாக இருக்கும், 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் வேறு ஆளாகிவிடும். அந்த மாற்றம் வளைவின் நடுவில் வராதபடி கியரை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள்.

இனி வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு. வாங்கும் விலைக்கு மேல் பாதியை ரப்பருக்கும் திரவத்துக்கும் டயருக்கும் என்று முதலிலேயே ஒதுக்கிவையுங்கள், அந்தத் தொகை இல்லையென்றால் விலை குறைவான வண்டியாகப் பாருங்கள். கையில் டார்ச்சும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு போங்கள். டயர் தேதி, பிரேக் ஆயில் நிறம், ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி, ஆயில் மூடியில் பெட்ரோல் வாடை, ஓடும்போது பேட்டரி வோல்டேஜ், மஞ்சள் வயர் கனெக்டர். இதற்கெல்லாம் அரை மணி நேரம்கூட ஆகாது. கிளம்புவதற்கு முன் விற்பவருக்கு போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் பல குறைகள் தெரியும். போனதும் என்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.